எண்ணெயில் ஈரம் காய்ந்தால் டிரான்ஸ்ஃபார்மர் காய்ந்துவிடுமா?

பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "போன மாதம்தான் ஆயில் ஃபில்டர் பண்ணினோம், ரிப்போர்ட் நன்றாக வந்தது, இப்போது மறுபடி ஈரம் என்கிறார்களே!" டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் எண்ணெயை ஒரு மெஷினில் ஓட்டி ஈரத்தையும் தூசியையும் எடுப்பதைத்தான் ஃபில்டர் என்கிறார்கள். உடனே பழி யார் மீதாவது விழும். மெஷின் சரியில்லை, வேலைக்கு வந்தவர்கள் ஒப்பேற்றிவிட்டார்கள், எண்ணெயே மட்டம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பல நேரங்களில் இந்த மூன்றுமே காரணமாக இருப்பதில்லை. வேலை ஒழுங்காகத்தான் நடந்திருக்கும். எண்ணெயில் இருந்த தண்ணீரும் வெளியே போயிருக்கும். திரும்ப வந்த தண்ணீர் வேறு இடத்திலிருந்து வந்தது.

அந்த இடம் எதுவென்று தெரியாததால் நல்ல எண்ணெயைக் கழித்துக் கட்டுகிறார்கள். ஈரம் ஊறிக் கிடக்கும் டிரான்ஸ்ஃபார்மரை, ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே என்று நம்பி ஓட்டவும் செய்கிறார்கள். இரண்டுமே தவிர்க்கக்கூடிய நஷ்டங்கள். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

தொட்டிக்குள் என்ன இருக்கிறது

டிரான்ஸ்ஃபார்மர் தொட்டிக்குள் இரும்பு மையமும், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள்களும் இருக்கின்றன. சுருள்களை வைண்டிங் என்பார்கள். கம்பி ஒவ்வொன்றின் மீதும் காகிதம் சுற்றப்பட்டிருக்கும். சுருளுக்கும் சுருளுக்கும் நடுவே, அதே மரக்கூழிலிருந்து செய்து இறுக்கிய தடித்த அட்டைகள் நிற்கும். இவை எல்லாம் எண்ணெயில் முழுகி ஊறியிருக்கும்.

எண்ணெய்க்கு அங்கே இரண்டு வேலை. சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோவது ஒன்று. மின்சாரம் தாவக் கூடாத இடத்தில் தாவாமல் தடுப்பது இன்னொன்று. இந்தத் தடுப்பைத்தான் மின்காப்பு என்கிறோம். எண்ணெய் ஊறிய காகிதம் மிக நல்ல மின்காப்பு.

எண்ணெய் கெட்டால் மாற்றலாம். காகிதம் கெட்டால், சுருளையே பிரித்து மறுபடி சுற்றாமல் மாற்ற முடியாது. டிரான்ஸ்ஃபார்மரின் ஆயுள் என்று நாம் சொல்வது உண்மையில் அந்தக் காகிதத்தின் ஆயுள்தான். ஈரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதும் அதனால்தான்.

ஈரத் துணி நிறைந்த அறை

ஒரு மூடிய அறை முழுக்க ஈரமான பருத்தித் துணிகள் தொங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக் காற்று ஈரமாக இருக்கிறது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் ஒரு கருவியை உள்ளே வைத்துச் சிறிது நேரம் ஓட்டுகிறோம். காற்று காய்ந்துவிட்டது என்று மீட்டர் காட்டுகிறது. கருவியை எடுத்துவிட்டு மறுநாள் கதவைத் திறந்தால் காற்று பழையபடி ஈரம். மீட்டர் பொய் சொல்லவில்லை, கருவியும் பழுதில்லை. தண்ணீர் குடியிருந்தது துணியில். காற்றில் இருந்தது அதன் ஒரு சிறு துளிதான்.

டிரான்ஸ்ஃபார்மரில் துணியின் இடத்தில் காகிதம், காற்றின் இடத்தில் எண்ணெய். தாவர நாரான காகிதம் தண்ணீரை விரும்பிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயோ தண்ணீரை அவ்வளவாக ஏற்காது. ஆகவே உள்ளே எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அதில் பெரும்பங்கு காகிதத்துக்குப் போய்விடும்.

எவ்வளவு பெரும்பங்கு என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்ணெயில் உள்ள ஈரத்தைப் பிபிஎம் என்ற அளவில் சொல்கிறார்கள்: எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு டன் எண்ணெயில் ஒரு கிராம் தண்ணீர் இருந்தால் அது 1 பிபிஎம். 60 டன் எண்ணெயும் 10 டன் காகிதமும் அட்டையும் கொண்ட ஒரு டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். எண்ணெயில் 20 பிபிஎம், காகிதத்தில் எடைக்கு 2 சதவீதம் ஈரம் என்று வைப்போம். எண்ணெயில் இருக்கும் தண்ணீர் 1.2 கிலோ. காகிதத்தில் இருப்பது 200 கிலோ.

இப்போது எண்ணெயை 5 பிபிஎம் வரை காய வைக்கிறோம். வெளியே போனது 0.9 கிலோ. காய்ந்த எண்ணெய் காகிதத்திலிருந்து மெல்ல மெல்லத் தண்ணீரை இழுக்கும். பழைய நிலைக்குத் திரும்ப அதற்குத் தேவை அதே 0.9 கிலோதான். காகிதத்தின் ஈரம் 2 சதவீதத்திலிருந்து 1.99 ஆகும். எண்ணெய் மீண்டும் 20-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒப்பேற்றிவிட்டார்கள் என்று யாரைத் திட்டினோமோ, அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார்கள்.

பிபிஎம் மட்டும் பார்த்தால் போதாது

சூடான காற்று குளிர்ந்த காற்றைவிட அதிக ஈரத்தைத் தாங்கும். எண்ணெயும் அப்படியே. புது மினரல் எண்ணெய் 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 55 பிபிஎம் தண்ணீரைத்தான் தன்னுள் கரைத்து வைத்திருக்க முடியும். 60 டிகிரியில் அது 240 பிபிஎம் பக்கம் போகும். 100 டிகிரியில் 700-ஐத் தாண்டும். பழைய எண்ணெயில் அமிலம் சேர்ந்திருந்தால் இந்த எல்லை இன்னும் கூடும்.

எண்ணெய் தாங்கக்கூடிய உச்ச அளவில் இப்போது எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை ஒப்பு நிறைவு என்று சொல்லலாம். வானிலை அறிக்கையில் வரும் ஈரப்பத சதவீதமும் இதே கணக்குதான். 20 பிபிஎம் ஈரம் உள்ள எண்ணெய் 60 டிகிரியில் 8 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது. அதே எண்ணெய் 20 டிகிரிக்கு ஆறினால் 36 சதவீதம். 0 டிகிரிக்குப் போனால் 90-ஐத் தொட்டுவிடும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை. எண்ணெயின் கொள்ளளவுதான் சுருங்கியது.

கொள்ளளவு நிரம்பி வழிந்தால் தண்ணீர் முதலில் பனிமூட்டம்போல நுண்துளிகளாகப் பிரியும், எண்ணெய் கலங்கலாகத் தெரியும். அப்புறம் துளிகள் சேர்ந்து தொட்டியின் அடியில் இறங்கும். கரைந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் பளிச்சென்று இருக்கிறது, அதனால் ஈரமில்லை என்று சொல்ல முடியாததும் இதனால்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் சூடாக ஓடும்போது காகிதம் தண்ணீரை எண்ணெய்க்குத் தருகிறது. ஆறும்போது திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஆனால் திரும்ப வாங்குவது மிக மெதுவாக நடக்கும். எண்ணெய் சில மணி நேரத்தில் ஆறிவிடும். தடித்த அட்டை அந்த ஈரத்தை உள்வாங்க நாட்கள், வாரங்கள் ஆகும். நன்றாகச் சூடேறி ஓடிய ஈர டிரான்ஸ்ஃபார்மரைக் குளிர்காலத்தில் திடீரென்று நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி மின்சாரம் கொடுக்கும் தருணம் ஆபத்தானது என்று அனுபவசாலிகள் சொல்வது இந்த இடைவெளியை மனதில் வைத்துத்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தண்ணீரில் மிகப் பெரும்பங்கு காகிதத்தில் இருக்கிறது. வெப்பநிலை மாறினால் அது இடம் மாறுகிறது. எண்ணெய் எத்தனை டிகிரியில் இருந்தபோது சாம்பிள் எடுத்தார்கள் என்று தெரியாத பிபிஎம் அளவை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது

எண்ணெய் சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும். அதற்கு இடம் கொடுக்க மேலே கன்சர்வேட்டர் என்ற சிறு தொட்டி இருக்கிறது. எண்ணெய் சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே வரும். வரும் வழியில் அதைக் காய வைக்க, பிரீதர் என்ற குடுவையில் சிலிக்கா ஜெல் மணிகளை நிரப்பி வைக்கிறார்கள். சில டிரான்ஸ்ஃபார்மர்களில் காற்று எண்ணெயைத் தொடாதபடி கன்சர்வேட்டருக்குள் ரப்பர் பையும் இருக்கும்.

பிரீதர் அருகே போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நீல மணிகள் ஈரத்தை வாங்கினால் இளஞ்சிவப்பாகும். காற்று கீழிருந்து வருவதால் நிறம் கீழிருந்துதான் மாற வேண்டும். கீழே நீலமாகவே இருந்து மேல்பக்கம் முதலில் சிவந்தால், காற்று பிரீதர் வழியாக வராமல் மேலே எங்கோ கேஸ்கெட் (இணைப்புகளில் கசியாமல் இருக்க வைக்கும் அடைப்பு) இடுக்கில் நுழைகிறது என்று பொருள். கருவி எதுவும் வேண்டாத சோதனை இது. மணிகளை மாற்றிவிட்டு மட்டும் போனால் கசிவு அப்படியே இருக்கும்.

கசிகிற கேஸ்கெட், பழுது பார்க்கத் திறந்து வைத்த மூடி, தயாரிப்பின்போதே மிச்சமிருந்த ஈரம் ஆகியவையும் உண்டு. இவை எல்லாவற்றையும் அடைத்தாலும் ஒரு வழி மிஞ்சும். காகிதம் வயதாகிச் சிதையும்போது தானே தண்ணீரை உண்டாக்குகிறது. அந்தத் தண்ணீர் மேலும் சிதைவை வேகப்படுத்துகிறது. ஈரம் இரண்டு மடங்கானால் காகிதத்தின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் பலரும் சொல்லும் தோராயக் கணக்கு.

ஆயுள் குறைவது மெதுவான கேடு. உடனடிக் கேடும் உண்டு. 2 சதவீதம் ஈரமுள்ள காகிதம் அதிக லோடில் 140 டிகிரி அளவுக்குச் சூடேறினால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவிக் குமிழிகளாக வெளியே வரலாம். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் குமிழி இருந்தால் மின்காப்பு அங்கேயே உடையும்.

மெஷினுக்குள் நடப்பது

ஈரத்தை எடுக்க மிகப் பரவலாகப் பயன்படுவது வேக்யூம் ஃபில்டர் மெஷின். எண்ணெய் அதற்குள் போகும் வழியிலேயே நாமும் போய்ப் பார்க்கலாம்.

பம்ப் எண்ணெயை இழுக்கிறது. முதலில் ஹீட்டர், அதன் வழியே போகும் எண்ணெயை 60 டிகிரி அளவுக்குச் சூடாக்குகிறது. அடுத்து நுண்ணிய கார்ட்ரிட்ஜ் வடிகட்டி. இது தூசியையும் காகித நாரையும் பிடிக்கும். கரைந்த தண்ணீரை எந்தச் சல்லடையாலும் பிடிக்க முடியாது, அது எண்ணெயோடு ஒன்றாகக் கலந்து கடந்து போய்விடும். இருந்தாலும் இந்தக் கட்டத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். ஈரம் குடித்த ஒரு சிறு நார், உயர் மின்னழுத்தம் உள்ள இடைவெளியில் தன்னைப் போன்ற நார்களோடு வரிசையாகச் சேர்ந்து நின்று மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். ஈரமும் நாரும் சேர்ந்தால்தான் கேடு பெரிது.

அதன் பிறகு முக்கியமான இடம்: வெற்றிட அறை. உயரமான உருளை ஒன்று, அதற்குள் சிறு சிறு வளையங்கள் நிரம்பியிருக்கும். எண்ணெய் மேலிருந்து விழுந்து வளையங்கள் மீது மெல்லிய படலமாகப் பரவி வழிகிறது. அறைக்குள் காற்றழுத்தத்தை 1 மில்லிபார் அளவுக்கு இறக்கி வைத்திருப்பார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1000 மில்லிபார்.

இங்கே எண்ணெய் கொதிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணெய் கொதிப்பதில்லை, அது கொதிக்கவும் கூடாது. கரைந்திருக்கும் தண்ணீருக்கு வெளியே வர ஒரு உந்துதல் உண்டு, அதையும் மில்லிபாரில் சொல்லலாம். 60 டிகிரியில் தூய தண்ணீரின் ஆவியழுத்தம் ஏறக்குறைய 200 மில்லிபார். நம் 20 பிபிஎம் எண்ணெய் அந்த வெப்பத்தில் 8 சதவீதம் நிரம்பியது என்று பார்த்தோம். 200-இல் 8 சதவீதம் 16. ஆக, கரைந்த தண்ணீர் 16 மில்லிபார் அழுத்தத்தோடு வெளியே வரப் பார்க்கிறது, வெளியே இருப்பதோ 1 மில்லிபார். தண்ணீர் ஆவியாகி எண்ணெயை விட்டு வெளியேறுகிறது. பம்ப் அதை இழுத்து வெளியே தள்ளுகிறது. கரைந்திருந்த காற்றும் கூடவே போய்விடும்.

ஈரம் குறையக் குறைய இந்த உந்துதலும் குறையும். 5 பிபிஎம் ஆகும்போது அது 4 மில்லிபார்தான். அறையில் 4 மில்லிபாருக்கு மேல் தண்ணீர் ஆவி நின்றுகொண்டிருந்தால், எத்தனை நாள் ஓட்டினாலும் எண்ணெய் 5 பிபிஎம்முக்குக் கீழே இறங்காது. மெஷின் ஓடும் சத்தத்தை வைத்து வேலை நடக்கிறது என்று திருப்திப்பட்டுவிடாமல் வேக்யூம் கேஜ் என்ன காட்டுகிறது என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். என்னைக் கேட்டால், மெஷினில் முதலில் பார்க்க வேண்டிய முள் அதுதான்.

சரி, சூட்டை இன்னும் ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியாதா? முடியும், ஆனால் எண்ணெய் கெடும். மிகையான சூடும் மிகையான வெற்றிடமும் சேர்ந்தால் எண்ணெயின் லேசான பகுதிகளும், அது கெடாமல் இருக்கச் சேர்த்த மருந்துகளும் ஆவியாகிப் போகலாம். ஹீட்டரின் மேற்பரப்பு அளவுக்கு மீறிச் சூடானால் அங்கே எண்ணெய் கருகும். 60 டிகிரியை ஒட்டி நிற்பது இரண்டு பக்கமும் பார்த்து எடுத்த முடிவு.

இன்னொரு விஷயத்தையும் எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். மெஷினிலிருந்து வரும் காய்ந்த எண்ணெய் அதே தொட்டிக்குத்தான் திரும்புகிறது, அங்கே ஈர எண்ணெயோடு கலக்கிறது. தொட்டி எண்ணெய் முழுவதும் ஒருமுறை மெஷின் வழியே போனது என்று அளவு காட்டினாலும், கலந்துகொண்டே இருந்தால் ஏறக்குறைய 37 சதவீதம் எண்ணெய் இன்னும் மெஷினைப் பார்த்திருக்காது. மூன்று முறை சுற்றினால் இது 5 சதவீதமாகும். 60 டன் என்றால் ஏறக்குறைய 69,000 லிட்டர். மணிக்கு 6,000 லிட்டர் மெஷினில் ஒரு சுற்றுக்குப் பதினொன்றரை மணி நேரம், மூன்று சுற்றுக்கு ஒன்றரை நாள். காலையில் தொடங்கி மாலையில் முடித்துவிடலாம் என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அமிலமும் கசடும் இந்த மெஷினில் போகாது. அதற்குச் சிறப்பு மண் வழியாக எண்ணெயைச் செலுத்தும் சுத்திகரிப்பு தனி வேலை. தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரையும் நுண்துளிகளையும் மையவிலக்கு இயந்திரம் பிரிக்கும், கரைந்த ஈரத்தைத் தொடாது.

சுருக்கமாக: சூடு தண்ணீருக்கு உந்துதல் தருகிறது, வெற்றிடம் அது வெளியேற இடம் தருகிறது, மெல்லிய படலம் வழியைச் சுருக்குகிறது. இவை மூன்றும் சேர்ந்து எண்ணெயைக் காய வைக்கின்றன. காகிதத்துக்கு இது போதாது.

காகிதத்தைக் காய வைப்பது எப்படி

தொட்டியில் எண்ணெய் இருக்கும்வரை காகிதத்தின் ஈரம் எண்ணெய் வழியாகத்தான் வெளியே வர முடியும், அதுவும் மெதுவாக. ஆகவே இரண்டு வழி இருக்கிறது: காலத்தைக் கொடுப்பது, அல்லது காகிதத்தையே நன்றாகச் சூடாக்குவது.

முதல் வழியில், டிரான்ஸ்ஃபார்மர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறு கருவியை இணைத்துவிடுவார்கள். அதற்குள் மூலக்கூறு சல்லடை எனப்படும் மணிகள் இருக்கும். தண்ணீர் மூலக்கூறு மட்டும் நுழையும் அளவுக்கு நுண்ணிய துளைகள் கொண்டவை அவை. எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அதன் வழியே போய்வரும். டிரான்ஸ்ஃபார்மரின் சொந்தச் சூடே காகிதத்திலிருந்து ஈரத்தைத் தள்ளிக் கொடுக்கும். மாதக் கணக்கில், சில சமயம் ஆண்டுக் கணக்கில் நடக்கும் வேலை. ஆனால் மின்சாரத்தை நிறுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது வழியில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சூடான எண்ணெயைச் சுற்றவிட்டுச் சுருளைச் சூடாக்கி, எண்ணெயை வெளியே எடுத்துவிட்டு, தொட்டிக்குள்ளேயே வெற்றிடம் போட்டு, சூடு இறங்கியதும் மறுபடி தொடங்குவார்கள். தொட்டி அந்த வெற்றிடத்தைத் தாங்கும்படி செய்ததா என்று முன்பே உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சுவர்கள் உள்ளே ஒடுங்கிவிடும். சுருளுக்குள் குறைந்த அதிர்வெண் மின்னோட்டம் செலுத்தி உள்ளிருந்தே சூடாக்கும் முறையும் இருக்கிறது. தொழிற்சாலையில் மண்ணெண்ணெய் போன்ற ஒரு கரைப்பானின் ஆவியைச் சுருள்மீது படியவைத்துச் சூடேற்றுகிறார்கள். புது டிரான்ஸ்ஃபார்மரில் காகித ஈரம் 1 சதவீதத்துக்கும் நன்றாகக் கீழே இருப்பது அதனால்தான்.

மிகப் பழைய டிரான்ஸ்ஃபார்மரை வேகவேகமாகக் காய வைப்பதும் நல்லதில்லை. காயும்போது காகிதமும் அட்டையும் சுருங்கும், சுருளைப் பிடித்திருக்கும் இறுக்கம் தளரும். பிறகு எங்காவது ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தால் அந்த விசையில் சுருள் நகர்ந்துவிடலாம்.

ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்

இரண்டு சோதனைகள்தான் அதிகம் பேசப்படுகின்றன. ஒன்று பிடிவி, அதாவது முறிவு மின்னழுத்தம். 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் எண்ணெயை வைத்து, நொடிக்கு 2 கிலோவோல்ட் வீதம் மின்னழுத்தத்தை ஏற்றி, எங்கே பொறி பறக்கிறது என்று பார்ப்பார்கள். ஆறு முறை செய்து சராசரி எடுப்பார்கள். இன்னொன்று கார்ல் ஃபிஷர் சோதனை, 1935-இல் அந்த ஜெர்மன் வேதியியலாளர் வெளியிட்ட முறை. அயோடின் தண்ணீரோடு வினைபுரியும் கணக்கை வைத்து எத்தனை பிபிஎம் என்று இது நேரடியாகச் சொல்லும்.

பிடிவி நன்றாக இருக்கிறது, ஆகவே ஈரமில்லை என்பது மிகப் பரவலான தவறு. ஒப்பு நிறைவு குறைவாக இருக்கும்வரை பிடிவி பெரிதாக அசைவதில்லை. நாரும் தூசியும் போனாலே அது ஏறிவிடும். ஃபில்டர் செய்த அன்று 70 கிலோவோல்ட் வந்தால் எண்ணெய் சுத்தம் என்று சொல்லலாம், காகிதத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

சாம்பிள் எடுக்கும் விதமும் ரிப்போர்ட்டில் வரும் அளவை மாற்றும். மழையிலோ ஈரக் காற்றிலோ எடுக்கக் கூடாது. வால்விலிருந்து முதலில் வரும் எண்ணெயை வீணாக்கத் தயங்காமல் தனியே விட்டுவிட வேண்டும். காய்ந்த பாட்டிலை அதே எண்ணெயால் அலசி, காற்று தங்காமல் நிரப்பி உடனே மூட வேண்டும். பாட்டில் மீது எண்ணெயின் வெப்பநிலையை எழுத வேண்டும்.

மெஷினை அணைத்தவுடன் எடுத்த சாம்பிள் மெஷின் எப்படி வேலை செய்தது என்பதை மட்டும் காட்டும். டிரான்ஸ்ஃபார்மர் லோடில் சில வாரம் ஓடி, சூடு ஒரே நிலையில் சில நாட்கள் நின்ற பிறகு எடுக்கும் சாம்பிளில்தான் காகிதத்தின் நிலை தெரியும். அதில் பிபிஎம் பழைய இடத்துக்கே ஏறியிருந்தால், மறுபடி மெஷினைக் கூப்பிடுவதற்கு முன் பிரீதரையும் கேஸ்கெட்டுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஓடும்போதே காய வைக்கும் கருவி போதுமா, நிறுத்திக் காய வைக்க வேண்டுமா என்று அந்த பிபிஎம் அளவையும் வெப்பநிலையையும் சேர்த்து வைத்து முடிவெடுக்கலாம்.